சிம் எங்கே போடுவது? சின்ன வீட்டுக்கு ரவுட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

தருமபுரத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு முதல் ரவுட்டரை வாங்கிக் கொடுத்தது நான்தான். குடும்பத்தில் 'கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளை' என்ற பெயர் எனக்கு, அதனால் யாரையும் கேட்கவில்லை. கொழும்பில் ஒரு கடையில் நான்கு அன்டெனாவோடு நின்ற கறுப்புப் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். 1200 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது, விலையும் கைக்கு அடங்கியது. வாங்கி, பஸ்ஸில் கிளிநொச்சி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். பெரியம்மா பெட்டியைப் பிரித்து, முன்னும் பின்னுமாக இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில சிம் எங்க போடுறது?" என்று கேட்டார்.

சிம் போட இடமே இல்லை. அவர் வீட்டுக்கு வருவது சிம்மில் வருகிற 4ஜி இன்டர்நெட் மட்டும். நான் வாங்கி வந்ததோ வயரில் வருகிற இன்டர்நெட்டை வீட்டுக்குள் வைஃபையாகப் பரப்புகிற ரவுட்டர். அவர் வீட்டில் அது வெறும் அலங்காரப் பெட்டி.

இந்தப் பிழையை நான் மட்டும் விடவில்லை. அதனால்தான் அன்டெனா, வேகம், விலை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் எதில் வருகிறது? ரவுட்டர் இன்டர்நெட்டை உண்டாக்குவதில்லை. குளத்துத் துருசு திறக்கிற அளவுக்குத்தான் வாய்க்காலில் தண்ணீர் வரும், வயலில் நாம் எவ்வளவு அகலமாக வாய்க்கால் வெட்டி வைத்தாலும் சரி. ரவுட்டர் அந்த வயல் வாய்க்கால்தான். வந்த தண்ணீரைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து விடுவது அதன் வேலை.

வீட்டுக்கு வருகிற வழிகள் மூன்று. ஒன்று ஃபைபர், அதாவது கண்ணாடி இழை வயர். வவுனியா நகரம் மாதிரி இடங்களில் இது இருக்கிறது, இணைப்புத் தரும்போதே ஒரு பெட்டியும் தருவார்கள், அந்தப் பெட்டிக்குள்ளேயே வைஃபை இருக்கும். சின்ன வீடு என்றால் அதற்கு மேல் ஒன்றும் வாங்க வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். இரண்டாவது பழைய செம்புக்கம்பி டெலிபோன் லைனில் வருகிற ஏடிஎஸ்எல். அதற்கு டெலிபோன் வயரின் சின்ன முனை பொருந்துகிற, டிஎஸ்எல் என்று எழுதிய துவாரம் உள்ள ரவுட்டர்தான் வேண்டும், மற்றது சரிவராது. மூன்றாவது 4ஜி. வன்னிக் கிராமங்களில் வீட்டு வாசலுக்கு ஒரு வயர் வருவதே பெரிய விஷயம், ஆகவே எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த மூன்றாவதுதான். மீதியை அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

4ஜி ரவுட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். சும்மா 'வைஃபை ரவுட்டர்' என்று கேட்டால் கடைக்காரர் எனக்குத் தந்ததையே உங்களுக்கும் தருவார், அவரில் பிழை சொல்லவும் முடியாது. அடியிலோ பின்பக்கத்திலோ சிம் நுழையும் துவாரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். டிபி-லிங்க்கின் டிஎல்-எம்ஆர்100 மாதிரிச் சாதாரண 4ஜி ரவுட்டர்களில் 'கேட் 4' என்று போட்டிருக்கும். இறக்கத்துக்கு, அதாவது டவுன்லோடுக்கு, 150 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு), ஏற்றத்துக்கு, அதாவது அப்லோடுக்கு, 50 எம்பிபிஎஸ் வரை அது தாங்கும் என்று அர்த்தம். 'கேட் 6' என்றால் 300 வரை, விலையும் கூட. பெரியம்மா வீட்டில் நான் போனில் அளந்தபோது பகலில் 12 எம்பிபிஎஸ் வந்தது, இரவு எட்டு மணிக்கு, ஊரே போனோடு இருக்கிற நேரம், 4 ஆக இறங்கியது. 12 வருகிற இடத்தில் 150 தாங்குகிற பெட்டியே தேவைக்கு மிஞ்சினது. 300 எதற்கு?

அந்த 12 போதுமா என்று கேட்டால், போதும். யூடியூப்பை 720 தரத்தில் பார்க்க ஏறத்தாழ 2.5 எம்பிபிஎஸ் வேண்டும், 1080 என்றால் 5. சூம் வகுப்புக்கு இரண்டு இருந்தால் தாராளம், வாட்ஸ்அப் வீடியோ கோலுக்கு அதுவும் தேவையில்லை. கனடாவில் இருக்கும் மகனோடு பெரியம்மா கதைக்க, அடுத்த அறையில் பேரன் படம் பார்க்க, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். நான்கு பேர் நான்கு படம் பார்த்தால்தான் சுற்றத் தொடங்கும்.

4ஜியில் இன்னும் இரண்டு வில்லங்கம் இருக்கிறது. முதலாவது பூட்டு. சேவை தருகிற கம்பனியே விற்கிற ரவுட்டர் பெரும்பாலும் அவர்களுடைய சிம்முக்கு மட்டும் வேலை செய்யும்படி பூட்டப்பட்டிருக்கும். விலை குறைவு என்று வாங்கலாம், பிழையில்லை. ஆனால் நாளைக்கு அந்த டவர் சரியில்லை என்று வேறு சிம் போட நினைத்தால் முடியாது. வெளிக்கடையில் வாங்குகிற பூட்டில்லாத ரவுட்டர் கொஞ்சம் விலை கூட, ஆனால் எந்த சிம்மையும் மாற்றி மாற்றிப் போடலாம். எங்கள் பக்கத்தில் டயலொக் நன்றாக எடுக்கிற ஒழுங்கையில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிப் போனால் மொபிடெல்தான் எடுக்கும் என்ற கதை உங்களுக்கும் தெரியும். அதனால் நான் பூட்டில்லாததற்கே வாக்குப் போடுவேன். பக்கேஜ் எடுக்கும்போது, அந்த சிம் நீங்கள் வாங்கின ரவுட்டரில் வேலை செய்யுமா, வீடு மாறினால் புது இடத்திலும் எடுக்குமா என்று கேட்டு வையுங்கள்.

இரண்டாவது, வெளிநாட்டு அன்பளிப்பு. அண்ணன் லண்டனில் இருந்து வரும்போது ஒன்று கொண்டு வருவார், மாமா கனடாவில் இருந்து ஒன்று அனுப்புவார். 4ஜி அலைகள் பல 'பேண்டு'களில், அதாவது அலைவரிசைகளில், வரும், நாட்டுக்கு நாடு அது மாறும். இலங்கையில் 4ஜி கையடக்கப் போன்களுக்கு 2013 இல் வந்தபோது 1800 மெகாஹேர்ட்ஸில்தான் வந்தது, அது பேண்டு 3. வட அமெரிக்காவுக்கென்று செய்த ரவுட்டரில் பேண்டு 3 இல்லாமலே போகலாம், பிறகு இங்கே சிம்மைப் போட்டுவிட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வீட்டு 4ஜிக்குப் பேண்டு 40, அதாவது 2300 மெகாஹேர்ட்ஸும் பயன்படுகிறது, அதுவும் இருந்தால் நல்லது. பெட்டியில் சின்ன எழுத்தில் இந்த எண்கள் இருக்கும். அப்புறம் அடப்டரையும் திருப்பிப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் சரி. 120 என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ட் சொக்கெட்டில் குத்த வேண்டாம், குத்தினால் புகைதான் வரும்.

வாங்க முன்னால் காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, தயவுசெய்து இதைச் செய்யுங்கள். அண்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸுக்குப் போய், 'போனைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் என்ற கணக்கில் தெரியும். அது எப்போதும் கழித்தல் எண், ஆகவே கழித்தல் குறியை விட்டுப் பார்த்தால் எண் சின்னதாக இருக்க இருக்க நல்லது. கழித்தல் 85, 90 என்றால் அருமை. 100 பரவாயில்லை. 115, 120 என்றால் எந்த ரவுட்டர் வாங்கினாலும் அழுதுகொண்டுதான் இருக்கும். போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள், விறாந்தை, சாமியறை, குசினி ஜன்னல், ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் நின்று எண்ணைப் பாருங்கள். பெரியம்மா வீட்டில் நடு அறையில் 112 காட்டியது, தெற்கு ஜன்னல் பக்கம் 97. ரவுட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று அந்த ஜன்னலே சொல்லிவிட்டது. வேறு கம்பனி சிம் உள்ள அயலவரின் போனையும் இரவல் வாங்கி இதையே செய்து பார்த்தால் எந்த சிம் வாங்குவது என்பதும் முடிவாகிவிடும்.

இப்போது பெட்டியில் இருக்கிற எண்களுக்கு வருவோம். என்300, ஏசி1200, ஏஎக்ஸ்1500 என்று எழுதியிருப்பார்கள். முன்னால் இருக்கும் எழுத்து வைஃபையின் தலைமுறை. 'என்' என்பது 2009 இல் வந்தது, இப்போது அதற்கு வைஃபை 4 என்று பெயர். 'ஏசி' வைஃபை 5. 'ஏஎக்ஸ்' வைஃபை 6. பின்னால் இருக்கும் எண் வேகம் மாதிரித் தெரியும், ஆனால் அது ஒரு கூட்டல் கணக்கு. ஏசி1200 என்றால் ஒரு அலைவரிசையில் 300, மற்றதில் 867, கூட்டிக் கொஞ்சம் தூக்கி 1200 என்று போட்டுவிடுவார்கள். ஒரு போன் ஒரே நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இருக்கும் என்பதால் அந்த 1200 எந்தப் போனுக்கும் கிடைக்காது. 300, 867 என்பதும் காகிதக் கணக்குத்தான், சுவரும் தூரமும் சேர்ந்த பிறகு அதில் பாதி கிடைத்தால் பெரிது. பல மலிவான ஏசி1200 ரவுட்டர்களில் வயர் குத்துகிற துவாரங்கள் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் விடாது, டிபி-லிங்க் ஆர்ச்சர் சி54 அப்படித்தான், அதே கம்பனியின் சி6 கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், துவாரத்தோடு வருகிறது. வயரில் 100க்கு மேல் வராத வீட்டில் இந்த வித்தியாசத்துக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

அந்த இரண்டு அலைவரிசைகள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ். இந்த இடத்தில்தான் யூடியூப்பில் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை. சென்னையிலோ கொழும்பிலோ மாடிக்குடியிருப்பில் இருந்துகொண்டு, 2.4 வேண்டாம், நெரிசல், 5 இல்லாத ரவுட்டரை வாங்கவே வேண்டாம் என்று சொல்வார்கள். அவர்களுக்கு அது உண்மை. 2.4இல் ஒன்றை ஒன்று இடிக்காத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், ஒரே மாடியில் இருபது வைஃபை இருந்தால் சந்தை இரைச்சல்தான். எங்கள் வீடுகளோ அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காணிக்கு நடுவில் நிற்கின்றன. அயல் வீட்டு வைஃபை போனில் தெரிந்தாலே அதிசயம். இங்கே 2.4 காலியாகக் கிடக்கிறது, அதுதான் சுவரைத் தாண்டி முற்றத்து மாமரம் வரைக்கும், சில வீடுகளில் கிணற்றடி வரைக்கும் போகிற அலை. 5 வேகம் கூட, ஆனால் இரண்டு சீமெந்துச் சுவரைக் கடந்தால் மூச்சு வாங்கும். ஆகவே கையில் காசு குறைவென்றால் 2.4 மட்டும் உள்ள என்300 வகை 4ஜி ரவுட்டரை வெட்கப்படாமல் வாங்கலாம். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் இரண்டும் உள்ளதை வாங்குங்கள், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே டிவியோ லப்டொப்போ இருந்தால் 5 பிரயோசனம். வைஃபை 6ஐ 4ஜி வீட்டுக்கு இப்போது வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். விலைகளை இங்கே எழுதவில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்குப் பாய்ந்த நாளில் இருந்து இந்தப் பொருட்களின் விலை எழுதிய மை காயமுன் மாறுகிறது.

மெஷ், எக்ஸ்டெண்டர் என்று, வைஃபையைத் தூரத்துக்கு நீட்டுகிற மேலதிகப் பெட்டிகளையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பெரியம்மாவினது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, ஏறத்தாழ 550 சதுர அடி. 22 அடிக்கு 25 அடி என்று வைத்தால் மூலைக்கு மூலை 33 அடிதான் வருகிறது. ஒரு ரவுட்டர் போதும், அதை வைக்கிற இடத்தில் வைத்தால்.

வைக்கிற இடம் என்று சொன்னேன் இல்லையா. நிமிர்ந்து நிற்கும் அன்டெனாவில் இருந்து அலை ஓர் உளுந்து வடை மாதிரிப் பரவும். அன்டெனா அந்த வடையின் ஓட்டைக்குள் நிற்கிற குச்சி. பக்கவாட்டில் நன்றாகப் போகும், நுனிக்கு நேரே அநேகமாக ஒன்றும் போகாது. ஆகவே நுனியை அறையை நோக்கிச் சாய்த்துக் குறிபார்ப்பது வீண் வேலை, நேராக நிறுத்திவிடுங்கள். எத்தனை குச்சி என்பதும் பெரிய விஷயமில்லை, நல்ல இரண்டு குச்சிக்குச் சமமாக நான்கு குச்சி சும்மா நிற்கிற பெட்டிகள் உண்டு. நிலத்தில் வைக்க வேண்டாம், இரும்பு அலுமாரிக்கு மேலோ பின்னாலோ வேண்டவே வேண்டாம், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும் வேண்டாம். தகரம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் குடித்துவிடும். தகரம் அடைத்த கொட்டிலுக்குள் ரவுட்டரை வைத்துவிட்டு வீட்டுக்குள் வைஃபை இல்லை என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். 4ஜி ரவுட்டருக்கு டவர் பக்க ஜன்னல்தான் இடம், தலை உயரத்துக்கு மேல் ஒரு சின்னத் தட்டு அடித்து வைத்தால் நல்லது. வீட்டின் ஓரமாக இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள், 33 அடியை 2.4 பார்த்துக்கொள்ளும். டவர் சிக்னல் கெட்டுப்போனால்தான் அதைத் திருத்த ஆளில்லை. சிக்னல் மிகவும் மெலிந்த இடம் என்றால், கழற்றக்கூடிய அன்டெனா உள்ள ரவுட்டராகப் பார்த்து வாங்குங்கள், பிறகு கூரைக்கு மேல் கம்பத்தில் ஒரு வெளி அன்டெனா பூட்டி வயரை இறக்கலாம்.

கரண்ட். ரவுட்டர் குடிப்பது கொஞ்சம், 8 வாட் என்று வைத்தால் நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு ஆறு யூனிட் வராது. பிரச்சினை கரண்ட் நிற்கும்போதுதான். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் நிறுத்தினார்களே, அந்த நேரத்தில்தான் மினி யூபிஎஸ் என்ற, கரண்ட் நின்றாலும் பற்றறியில் ரவுட்டரை ஓட்டுகிற சின்னப் பெட்டியை எங்கள் ஊர் கண்டுபிடித்தது. வாங்கும்போது ரவுட்டர் அடப்டரில் 9 வோல்டா 12 வோல்டா என்று பார்த்து அதே வோல்ட் உள்ளதை வாங்குங்கள், அம்பியர் அடப்டரில் போட்டதற்குக் குறையக் கூடாது. மினி யூபிஎஸ்ஸில் 8800 எம்ஏஎச் என்று இருந்தால் அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றறிக்குச் சொன்ன கணக்கு, பெருக்கினால் 32 வாட் மணி. இடையில் வீணாகிறது போக, 6 வாட் மட்டும் குடிக்கும் ரவுட்டரை நாலு நாலரை மணித்தியாலம் இழுக்கும். பெட்டியில் பத்து மணித்தியாலம் என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு வாங்குங்கள்.

மின்னலுக்கு யூபிஎஸ்ஸும் உதவாது. ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது, டெலிபோன் லைன் இருந்தால் அந்த வயரையும். வெட்டைக்குள் தனியாக நிற்கிற வீட்டுக்கு இது விளையாட்டில்லை.

பாஸ்வேர்ட் பற்றிக் கொஞ்சம். எங்களில் பலருக்கு டேட்டா ஜிபி கணக்கில் வருகிறது, அதனால் திறந்த வைஃபை என்பது திறந்த தண்ணீர்த் தொட்டி மாதிரி. செட்டிங்கில் வைஃபைப் பூட்டு வகைகளில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்பதைத் தெரிவு செய்யுங்கள், பாஸ்வேர்ட் அடிக்காமலே இணைய விடுகிற டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். ரவுட்டருக்குள் நுழைகிற பாஸ்வேர்ட் வேறு, வைஃபை பாஸ்வேர்ட் வேறு. முதலாவது வாங்கும்போது 'அட்மின்' என்றே இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ரியூசனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு 'கெஸ்ட்' வைஃபை ஒன்றை வேறு பாஸ்வேர்டோடு போட்டுக் கொடுத்தால், மாதம் முடிய அதை மட்டும் மாற்றலாம்.

இவ்வளவும் வாசித்துவிட்டு, வீட்டில் நானும் மனுசியும் மட்டும்தானே என்று நினைக்கிறவர் இருந்தால், அவருக்கு ரவுட்டரே வேண்டாம். போன் ஹொட்ஸ்பொட் போதும். பழைய 4ஜி போன் ஒன்று சும்மா கிடந்தால் அதில் சிம்மைப் போட்டு ஜன்னலில் வைத்துவிடலாம், ஆனால் இரவு பகலாகச் சார்ஜரில் கிடந்தால் பற்றறி வீங்கும், அதை அடிக்கடி தொட்டுப் பாருங்கள்.

பெரியம்மாவுக்குப் பிறகு கிளிநொச்சி டவுனிலேயே ஒரு சாதாரண என்300 4ஜி ரவுட்டர் வாங்கினோம். கடையிலேயே அவருடைய சிம்மைப் போட்டு, விளக்கு எரிகிறதைப் பார்த்து, ஒரு வருட வாரண்டியைச் சீல் குத்தி வாங்கிய பிறகுதான் பெரியம்மா காசை எண்ணிக் கொடுத்தார். இப்போது தெற்கு ஜன்னலுக்கு மேல் தட்டில் இருக்கிறது. என்னுடைய 1200 வவுனியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போனது. அங்கே ஃபைபர், ஆனால் நீள வீடு, பின் அறைக்கு வைஃபை போகாது. ஃபைபர் பெட்டியில் இருந்து ஒரு லான் வயரைப் பின் அறைக்கு இழுத்து, இதை அக்சஸ் பொயின்ட் என்ற நிலையில், அதாவது வயரில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும், போட்டோம், நன்றாக ஓடுகிறது. நான்கு அன்டெனாவிலும் மருமகள் ரிப்பன் கட்டி வைத்திருக்கிறாள்.